பைபிள் காலேஜ் முடித்து நாலு வருஷம்: 23 பேர் சபை, அடுத்து என்ன செய்வது?

மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் நானும் மனைவியும் நாலு வருடமாக ஊழியம் செய்கிறோம். ஞாயிறு ஆராதனைக்கு 23 பேர் வருவார்கள். நடவு, அறுவடை நாட்களில் 9 பேர். பாதிக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டால் நாங்கள் இருவரும் இரண்டு பாட்டிகளும்தான். கூடுவது எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில்.

மூன்று வருடம் நகரத்துப் பைபிள் காலேஜில் படித்தேன். கிரேக்க எழுத்து தெரியும், பிரசங்கத்தை மூன்று பாகமாகப் பிரிக்கத் தெரியும். போன ஆடியில் சபையில் முதல் சாவு விழுந்தபோது என்ன செய்வதென்றே தெரியவில்லை. இறந்தவர் ஞானஸ்நானம் எடுத்த ஒரு பாட்டி. மகன்கள் எடுக்கவில்லை. காலனிக்கு ஒரு சுடுகாடு, ஊருக்கு ஒரு சுடுகாடு. காலனிப் பெரியவர்களோ, "சாமி கும்பிடாதவங்களுக்கு இங்க இடம் இல்ல, உங்க பாஸ்டரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டார்கள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை உடல் திண்ணையிலேயே கிடந்தது. கடைசியில் பாட்டியின் தம்பி போய்ப் பேசி ஒரு மூலையில் இடம் வாங்கினார். குழியருகில் ஜெபம் பண்ணக்கூடாது, பாட்டும் கூடாது என்று நிபந்தனை. வீட்டிலேயே ஜெபித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன்.

இன்னொன்று பணம். என்னை அனுப்பிய ஸ்தாபனம் மாதம் 6,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தது. 2021இல் சட்டம் மாறிவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இப்போது எனக்கு மூன்று வழி தெரிகிறது. டவுனில் ஒரு சகோதரர் மூன்று சென்ட் இடம் வாங்கி ஹால் கட்டித் தருவதாகச் சொல்கிறார், அது ஒன்று. மேற்கொண்டு எம்.டிவ். (இறையியல் மேற்படிப்பு) படிக்கப் போவது இன்னொன்று. மூன்றாவது, ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டே ஊழியம் செய்வது. களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

—

பாளை_வாத்தியார்:

தம்பி, கிரேக்கம் படித்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அந்தச் சாவு வீட்டில் உங்களுக்குத் துணை நிற்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு, எங்கள் பக்கத்தில் உபதேசியார் என்போம். என் அப்பா 31 வருடம் உபதேசியார். மூன்று ஊர், ஒரு சைக்கிள். வாரநாளில் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுப்பார், சாயங்காலம் வீடு சந்திப்பு, ஞாயிறு ஆராதனை. ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். சாவு, சண்டை, பெண் பார்ப்பது, பஞ்சாயத்து எல்லாம் அப்பாதான். எந்தக் கல்லூரியும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னொரு உபதேசியாரின் பின்னாலேயே நாலு வருடம் நடந்து கற்றுக்கொண்டார்.

திருநெல்வேலிச் சபை அப்படி வளர்ந்ததுதான். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானபோது அங்கே முன்னால் நின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், வெள்ளைக்கார மிஷனெரி இல்லை.

அதற்காக அந்த முறையைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாரில்லை. தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்தது 1706 ஜூலையில். முதல் தமிழ்ப் போதகராக ஆரோனுக்கு குருப்பட்டம் கொடுத்தது 1733 டிசம்பரில். நடுவில் 27 வருடம்! உபதேசியாராக உழைக்க நம் ஆள் வேண்டும், அப்பம் பிட்க மட்டும் வேறு ஆள் வேண்டும். என் அப்பாவும் உபதேசியாராகவே ரிட்டயர் ஆனார். பட்டம் இல்லை என்று சொன்னார்கள். சாதியும் ஒரு காரணம் என்று அம்மா சொல்வாள், அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

ஹாலை இப்போது கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. 23 பேரில் உங்கள் பின்னாலேயே நடக்கக்கூடியவர் யார், அதைச் சொல்லுங்கள்.

—

கணக்குப்பிள்ளை:

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். டிரஸ்ட் கணக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஸ்தாபனம் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் திருத்தம் வந்தது. அதுவரை எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள பெரிய அமைப்பு, பதிவு உள்ள சின்ன அமைப்புக்குப் பணத்தை மாற்றிக் கொடுக்கலாம். இப்போது யாருக்கும் மாற்ற முடியாது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டார்கள். பெரிய அமைப்பிலிருந்து சின்ன அமைப்பு, அங்கிருந்து கிராமத்து ஊழியர் என்று போய்க்கொண்டிருந்த வாய்க்கால் நடுவிலேயே அடைபட்டது. உங்களைப் போல நிறையப் பேர் வாய்க்காலின் கடைசி வயலில் இருந்தார்கள்.

ஹால் விஷயம். மூன்று சென்ட் யார் பேரில் பதிவாகும்? இதை முதலில் கேளுங்கள். பாஸ்டர் பேரிலேயே வாங்கிக் கட்டிய ஒரு சபை எனக்குத் தெரியும். அவர் போன பிறகு மகன்கள் பாகப்பிரிவினை கேட்டார்கள். இருபது வருடம் காணிக்கை போட்டவர்கள் வாசலில் நின்றார்கள். டிரஸ்ட் பத்திரம் போடுங்கள், இல்லையென்றால் 1975ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதியுங்கள். அடுத்து, ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுக் கட்டடம் கட்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். கட்டட விதியில் இருக்கிறது. "வீடு" என்று பிளான் வாங்கி உள்ளே மேடை போட்டுவிட்டு, பிறகு யாரோ மனுக் கொடுத்ததும் சீல் வைத்துவிட்டார்கள் என்று அழுவதில் பயன் இல்லை.

கல்யாணமும் அப்படித்தான். 1872ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடத்தி வைக்க, சுயாதீன சபைப் போதகருக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சர்டிபிகேட்டை பாஸ்போர்ட் ஆபீஸில் நீட்டும்போதுதான் வினை ஆரம்பிக்கும். மூன்று வருடப் படிப்பில் இதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்கக் கூடாதா?

—

சும்மா_வாசகன்:

நான் உங்கள் ஆள் இல்லை, படிக்க வந்தவன். ஒன்று கேட்கலாமா? எங்கள் தெருவில் நாலு சபை இருக்கிறது. நாலுக்கும் போர்டு, நாலுக்கும் ஸ்பீக்கர். ஒருவர் முடித்தால் அடுத்தவர். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று 2000ஆம் வருடமே விதி வந்துவிட்டது. முழு இரவு ஜெபம் என்றால் அந்த விதி தூங்கிவிடுமா? (கோயில் திருவிழாவையும் இதேபோல் திட்டுகிறேன், அதனால் என்னை அந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள்.) ஊர்க்காரர்களுக்கு உங்கள்மேல் கோபம் வருவதில் பாதி மதத்தால் வருவதில்லை, சத்தத்தால் வருகிறது.

—

மலையடிவாரம்:

சகோதரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்களிடம் ஸ்பீக்கர் இல்லை, டோலக் மட்டும். அதையும் சாவு நடந்த வீட்டுக்குப் பக்கத்தில் அடிப்பதில்லை.

நாலு சபை என்றீர்களே, அதன் உள்கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிராமத்துக்கு மாதம் ஒருமுறை டவுனிலிருந்து ஒரு வேன் வரும். சாப்பாடு, புடவை, கூட்டம். மூன்று குடும்பம் அங்கே போயிற்று. வேன் நின்றதும் திரும்பி வந்தார்கள். ஆட்டைத் திருடுகிறார்கள் என்று ஊழியர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஆடு எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே போகிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை ஐயா, இன்னொரு விஷயம். காலனிப் பையன்கள் நாலு பேர் ஒழுங்காக வருகிறார்கள், வேதம் வாசிக்கிறார்கள். ஞானஸ்நானம் என்றதும் "சர்டிபிகேட் போயிடும் ஐயா" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

—

கணக்குப்பிள்ளை:

பயப்படக் காரணம் இருக்கிறது. 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியில்தான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் வருவார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது: ஞானஸ்நானம் எடுத்து சர்ச்சுக்குப் போய்க்கொண்டே எஸ்.சி. சான்றிதழ் கேட்க முடியாது.

மலைமேல் இருக்கும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. உங்கள் சபையில் இரு தரப்பும் இருந்தால் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பையன்களிடம் சட்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து முங்க வைத்தால் நாளைக்கு அவர்கள் வேலை போகும்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

—

பாளை_வாத்தியார்:

ஆணை அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலனியில் இருப்பவனுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் டீக்கடையில் தனி டம்ளர் போய்விடுமா என்ன? சர்ச்சுக்குள்ளேயே தனிப் பெஞ்சு, தனிக் கல்லறை பார்த்த தலைமுறை நாங்கள். சாதி கூடவே வருகிறது, சலுகை மட்டும் வரவில்லை.

அந்தப் பையன்களை அவசரப்படுத்தாதீர்கள். பொய் சொல்லவும் பழக்காதீர்கள். அவர்கள் தீர்மானிக்கட்டும்.

—

வட்டுக்கோட்டை_மைந்தன்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எம்.டிவ். யோசனைக்கு மட்டும் ஒரு கதை.

அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. உள்ளூர்ப் போதகர்களையும் உபதேசிகளையும் உருவாக்குவதுதான் நோக்கம். ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் உயர்ந்த தரத்தில் படிப்பித்தார்கள். பாருங்கோ, நடந்தது வேறு. அவ்வளவு நல்ல ஆங்கிலம் தெரிந்த பெடியனை அரசாங்கம் விடுமா? பலர் உத்தியோகத்துக்குப் போனார்கள். பொஸ்டனிலிருந்து வந்த குழு கணக்குப் பார்த்துவிட்டு 1855இல் செமினரியையே மூடிவிட்டது.

தமிழுக்கு நட்டமில்லை. தொல்காப்பியத்தை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். கிராமத்துச் சபைக்கு ஆள் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. படிப்பு மனிதரை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று படிக்கப் போக முன்னம் பார்க்க வேணும். மூன்று வருடம் நகரத்தில் இருந்துவிட்டு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குத் திரும்புவீர்களா, உண்மையாகச் சொல்லுங்கள்.

ஆனாலும் மூடியவர்கள் சரி என்று நான் சொல்லமாட்டேன். அதன் பிறகு ஊர்ச் சபைகளுக்குப் படித்த போதகர்மார் கிடைப்பதும் கடினமாகத்தான் இருந்திருக்கும். 1872இல் திரும்பவும் கல்லூரி ஒன்று தொடங்க வேண்டி வந்ததே.

—

தகரக்கொட்டகை:

நான் பயிற்சி கொடுக்கிற பக்கம் இருப்பவன். அதனால் அடி வாங்கத் தயாராகத்தான் வந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் ஒரு பைபிள் காலேஜில் பாடம் எடுத்தேன். வெளியே வந்த மாணவர்களில் இன்று கிராமத்தில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் நகரத்தில் உதவிப் போதகர், அலுவலகம், யூடியூப். இது நமக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. குவாத்தமாலாவில் பிரஸ்பிடேரியன் சபையின் செமினரி தலைநகரில் இருந்தது. கிராமத்திலிருந்து வந்தவன் திரும்பிப் போவதில்லை, திரும்பிப் போக வேண்டிய மூத்தவனுக்கு நிலமும் குடும்பமும் விட்டு வர முடியவில்லை. 1963இல் அவர்கள் செமினரியையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். விரிவாக்க இறையியல் கல்வி என்று அது உலகமெல்லாம் பரவியது. பெங்களூரில் இதற்கான டாஃப்டி என்ற அமைப்பு தொடங்கியது 1971இல்.

நாலு வருடமாக நான் செய்வது அதன் சின்ன நகல். ஒரு தகரக் கொட்டகை, மாதம் இரண்டு சனிக்கிழமை, 11 பேர். இரண்டு கொத்தனார், ஒரு பால் கறப்பவர், தையல்காரப் பெண் மூவர், மற்றவர்கள் நூறு நாள் வேலை. முதல் மாதத்திலேயே நான் தோற்றேன். லூக்கா 16ஐ வாசிக்கச் சொல்லி "உக்கிராணக்காரன் யார்?" என்றேன். ஒரு அண்ணன் சொன்னார்: "ரொம்ப உக்கிரமான ஆளுங்க ஐயா." எல்லோரும் தலையாட்டினார்கள். (எஜமானின் சொத்தைக் கவனிக்கும் கணக்குக்காரன் என்பதுதான் பொருள்.) நாம் கையில் வைத்திருப்பது 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு. 1995இல் வந்த திருவிவிலியத்தைக் கொடுத்தால் "இது ஆர்.சி. பைபிள்" என்று கையில் வாங்க மாட்டார்கள். இப்போது ஒரு பகுதியை மூன்று முறை சொல்கிறேன், அவர்கள் தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்கிறார்கள், அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறப்போம். உக்கிராணக்காரனை அந்தக் கொத்தனாரே "மேஸ்திரி" என்று பிடித்துவிட்டார். முதலாளி பணம், மேஸ்திரி கையில் கணக்கு. அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தை நான் பன்னிரண்டு வருடத்தில் நடத்தியதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பயின்றவருக்குப் பட்டம் இல்லை. செராம்பூர் (இறையியல் பட்டம் தரும் பல்கலைக்கழகம்) சர்டிபிகேட் இல்லாதவரை டவுன் சபைகள் மேடையில் ஏற்றாது. உபதேசத்தில் கோணல் வந்தால் திருத்த ஆழமாகப் படித்த ஒருவர் வேண்டும். ஆகவே கிரேக்கம் படித்த தம்பி எங்கேயும் போக வேண்டாம். அந்த ஊருக்கு வாத்தியார் நீங்கள்தான்.

ஆட்டோ ஓட்டுவதில் வெட்கமும் வேண்டாம். கொரிந்துவில் பவுல் கூடாரம் தைத்தார், அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது.

—

ஆயரம்மா:

எல்லா அண்ணன்மாரும் எழுதிவிட்டீர்கள். பவுல் கூடாரம் தைத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அதே அதிகாரத்தில் ஆக்கில்லாவோடு பிரிஸ்கில்லாளும் அதே தொழில் செய்தாள் என்பது பிரசங்கத்தில் வருவதே இல்லை.

19 வருடம் நான் பாஸ்டரம்மா. "விசுவாச ஊழியம்" என்றால் என்ன தெரியுமா? அவர் விசுவாசிப்பார், நான் ரேஷன் கடையில் நிற்பேன். பெண்கள் அடி வாங்கிக்கொண்டு ராத்திரி வருவது என்னிடம். மாதவிலக்கு, குழந்தை இல்லை, புருஷன் குடி, எல்லாம் என்னிடம். எனக்கு யாரும் ஒரு நாள் பயிற்சி கொடுத்ததில்லை. காலேஜில் அவருக்கு விடுதி, நான் மாமியார் வீட்டில்.

அசரியா பேராயர் தெலங்கானா தோர்ணக்கல்லில் ஊழியர்களைப் பயிற்றுவித்தபோது மனைவிமாரையும் சேர்த்தே வைத்துப் படிப்பித்தார்கள். அவர் மனைவி அன்பு மாரியம்மாள் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டார். அது நூறு வருடத்துக்கு முந்தி. இன்றைக்கு எத்தனை காலேஜில் இருக்கிறது?

தம்பி, 6,000 நின்றது 2021இல் என்கிறீர்கள். இத்தனை வருடம் வீட்டு வாடகை யார் கொடுத்தது? அதை எழுதவில்லையே.

—

மலையடிவாரம்:

அக்கா, இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

வாடகை 2,500. கொடுத்தது என் மனைவி. ஜாக்கெட் தைக்கிறாள். தீபாவளிக்கு முந்தின மாதம் ராத்திரி ஒரு மணிவரை மெஷின் ஓடும். பாதி ஊர்ப் பெண்கள் அளவு கொடுக்க வந்துதான் எங்களிடம் பேசவே ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டியும் அப்படி வந்தவர்தான், பேத்தி பாவாடைக்கு. நான் மூன்று வழி என்று எழுதினேன். வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை வழியாகவே நினைக்கவில்லை.

இந்த இழை முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஹாலைப் பற்றி, "கட்டினா பெருக்கறது யாரு?" என்றாள். எம்.டிவ். பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மெஷினைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

—

சும்மா_வாசகன்:

பதில் வந்துவிட்டது போலிருக்கே பாஸ்டர்.

—

தகரக்கொட்டகை:

வாத்தியார் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. பின்னால் நடக்க யார் இருக்கிறார்?

—

மலையடிவாரம்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காக.

டவுன் சகோதரரிடம், இடம் வாங்குவதானால் டிரஸ்ட் பேரில் வாங்குங்கள், டிரஸ்டில் ஊர்க்காரர்களில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார், பிறகு போன் இல்லை. சரி.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், சாயங்காலம் சந்தைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். வாடகை வண்டிதான். முதல் வாரம் பெரிய வெட்கமாக இருந்தது. இப்போது சாமி கும்பிடுகிற வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் "பாஸ்டர் வண்டி எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள்.

பின்னால் நடக்கிற ஆள்: பாட்டியின் தம்பி. சுடுகாட்டில் பேசி இடம் வாங்கினாரே, அவர். அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, வாசிக்கவும் தெரியாது. ஆனால் அன்று எனக்குத் தெரியாத எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் கதை சொல்வது இப்போது அவரும் என் மனைவியும். நான் திருத்துகிறேன், அதையும் நடுவில் பேசாமல் முடிந்த பிறகு. (உள்ளூர ரொம்பக் கஷ்டம்.) பையன்கள் நாலு பேருக்கும் சட்டத்தைச் சொல்லிவிட்டேன். ஒருவன் வருவதை நிறுத்திவிட்டான். மூவர் வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு உதவி வேண்டும். பாட்டியின் தம்பி, அக்காவைத் தன் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார். அடுத்த முறை அப்படிச் செய்யலாமா?

—

கணக்குப்பிள்ளை:

கூடாது. பட்டா நிலமே ஆனாலும் மயானமாக அனுமதி இல்லாத இடத்தில் அடக்கம் செய்ய 1999ஆம் வருட ஊராட்சி விதி இடம் தராது. தோண்டி எடுக்கச் சொல்வார்கள், அது இன்னும் கொடுமை. இருக்கிற காலனி மயானத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு, தாசில்தாருக்கு ஒரு நகல் கொடுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாம், அந்தத் தம்பியுடையதாக இருக்கட்டும்.

—

மலையடிவாரம்:

அவருக்குக் கைநாட்டுதான் ஐயா. பரவாயில்லையா?

—

கணக்குப்பிள்ளை:

தாராளமாக. பக்கத்தில் பெயரை எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு சாட்சி உங்கள் மனைவி.